தீ சுடாத பாதம்

1

போன மாதம் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழவரைக் குடையால் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கே தெரியாது. குடைக்கம்பி மடங்கி வெளியே நீட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினேன். அந்தக் கம்பி அவர் நெற்றியைக் கிழித்துவிட்டது. ரத்தம் மூக்கோரமாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் தன் குழந்தையின் கண்ணைக் கையால் பொத்தினாள்.

அடித்ததற்கு வருத்தமில்லை. கவலைதான். போலீஸ் வருமோ, அந்த ஆளுக்குப் புண் புரையோடிவிடுமோ, என் சிவப்பு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கப்பல் ஏற்றிவிடுவார்களோ என்று ஒன்று மாற்றி ஒன்று. இந்த நாட்டுக் குடிமக்களுக்கு நீல அட்டை, என்னைப் போல வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. குடியுரிமைக்கு மலாய்ப் பேச்சுப் பரீட்சை உண்டு. நான் போன அன்று அதிகாரி என் பெயரைக் கேட்டதற்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு போகவில்லை.

நான் ஆத்தூர்ப் பக்கத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இந்தப் பேராக் மாநிலத்துக்கு வந்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் தங்கவேலு இறந்த திதி இந்த மாதம் வந்தது. அவர் காய்ச்சலில் போனார் என்றுதான் ஊருக்கு எழுதியிருந்தேன். காய்ச்சலும் இருந்தது, பொய்யில்லை. மீதியை இப்போது சொல்கிறேன்.

அடிபட்டவர் பெயர் சின்னையா. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், மருந்தடிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் மண்டோர். அதாவது எங்களை வேலை வாங்குகிறவர். என் வீட்டுக்காரரை அடித்துக் கொல்ல ஆள் திரட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

2

மருந்து என்றால் நீங்கள் நினைக்கிற மருந்து இல்லை. ரப்பர் மரத்தடியில் வளரும் லாலாங் புல்லைக் கொல்வதற்கு அடிப்பது. தகர டிரம்மில் வரும், மேலே மண்டையோடு படம் இருக்கும். அதில் ஆர்செனிக் கலந்திருந்தது என்று இப்போதுதான் தெரியும். ஊரில் பாஷாணம் என்பீர்களே, அந்தக் குடும்பம்.

அதைத் தண்ணீரில் கலக்க ஒரு குச்சி உண்டு. குச்சி உடைந்தால் கைதான். எங்கள் வீட்டுக்காரர் முழங்கை வரை விட்டுத் துழாவுவார். சின்னையா மண்டோர் ஓரமாக நின்று அதட்டுகிற ஆள் இல்லை, அவரும் கையை விடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். பம்பை முதுகில் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்போம். பம்பு ஒழுகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு எரியும். கால் வெறுங்கால். அடித்த புல்லில் வாய்வைத்த மாடு அங்கேயே மடங்கி விழுந்து, கழுத்தைத் தரையில் அடித்து அடித்துச் சாகும். ஒரு கன்றுக்குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டே செத்ததை நான் பார்த்தேன். அதை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனோம்.

சில வருடங்களில் தங்கவேலுவின் உடம்பு கறுத்தது. கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, புழுதி ரோட்டில் முதல் மழை விழுந்தது போல. உள்ளங்கையிலும் பாதத்திலும் சோளமணி சோளமணியாகத் தடித்தது. அடிக்கடி காய்ச்சல், கட்டி, இடுப்பைச் சுற்றி அக்கி. சின்னக் கீறல்கூட ஆறாது. அப்புறம் கால் மரத்துப்போனது. செருப்பு கழன்றால்கூடத் தெரியாமல் நடப்பார்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவர் வருடா வருடம் பூமிதிப்பவர். எழுபதுகளின் நடுவில், ஒரு வருடம், மற்றவர்கள் தணலில் ஓட, இவர் நடந்தார். நடுவில் நின்று, கையிலிருந்த வேப்பிலையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நடந்தார். கூட்டம் அலறியது. பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். சின்னையா மண்டோர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார்.

“தங்கவேலு, நீ மனுசன் இல்லடா! ஆத்தா உன் கால்ல குந்தியிருக்காடா!”

தன் மகள் செல்வியைக் கொண்டுவந்து மண்ணில் கிடத்தினார். தவம் கிடந்து பெற்ற பிள்ளை, அடிக்கடி சீக்கில் விழும். பூமிதித்தவர் தாண்டிப் போனால் குழந்தைக்கு நோய்நொடி அண்டாது என்பது எங்கள் வழக்கம். தங்கவேலு தாண்டினார். குழந்தை சிரித்தது.

வீட்டுக்கு வந்து அவர் காலைக் கழுவினேன். மஞ்சள் தண்ணீரோடு தோலும் கையில் வந்தது.

“வலிக்கலையா?”

“வலிக்கல, புள்ள. அதான் பயமா இருக்கு” என்றார்.

அம்மன் அருள் என்று ஒரு தோட்டமே கும்பிட்ட பாதம் அது. அது சாமி இல்லை, செத்துப்போன சதை என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத்தான் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

3

பூமிதித்த புண் ஆறவே இல்லை. நாற்றம் அடுத்த வீட்டுக்குப் போனது. அந்தச் சமயம் பார்த்து செல்விக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. பிள்ளை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கள்ளுக்கடையிலிருந்து ஒரு கூட்டமாக வந்தார்கள். முன்னால் சின்னையா மண்டோர். கண் இரண்டும் பழுத்திருந்தது.

“வெளிய வாடா, பெருவியாதிக்காரா! தீட்டோட பூமிதிச்சு எம்புள்ளையத் தின்னுட்டியேடா!”

“மண்டோரண்ணே, அவரால எந்திரிக்க முடியாது. நான் வாரேன், என்கிட்டப் பேசுங்க” என்றேன்.

“நீ தள்ளுடி!”

என்னைச் சுவரில் மோதித் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்கள். படுத்திருந்தவரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். கட்டுத்துணி அவிழ்ந்து வாசல்படி முழுக்கச் சீழும் ரத்தமும் கோடு போட்டது. குரைத்த எங்கள் நாயை ஒருவன் பாராங் கத்தியால் ஒரே வெட்டு. அது வெட்டுப்பட்ட உடம்போடு கட்டிலுக்கு அடியில் ஓடிச் செத்தது. கட்டிலுக்கு அடியில் என் மகள் விஜயா இருந்தாள்.

ரப்பர்ப் பால்வாளி சுமக்கும் கம்பால் சின்னையாவே அடித்தார். முதலில் முதுகு, பிறகு முழங்கால். ரப்பர்க் கொட்டை வெயிலில் வெடித்தால் படீரென்று ஒரு சத்தம் வருமே, அப்படித்தான் எலும்பு முறிந்தது. தங்கவேலு கத்தவில்லை. “அண்ணே, அண்ணே” என்று மட்டும் சொன்னார். ஒரே டிரம்மில் கைவிட்டுக் கலக்கிய அண்ணன்.

நான் வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். சனிக்கிழமை அடித்த மிச்ச மருந்தோடு என் பம்பு அங்கேதான் இருந்தது, ஸ்டோரில் திருப்பி வைக்கவில்லை. முதுகில் மாட்டினேன். கைப்பிடியை அழுத்தி அழுத்திக் காற்று ஏற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, குழாயை நேரே மண்டோர் முகத்துக்கு நீட்டினேன்.

“இன்னொரு அடி அடி. வாயிலயே அடிச்சு ஊத்துறேன். குடிச்சிட்டுச் சாவு. உனக்கு ஆத்தா வருவாளா பாக்கலாம்.”

கம்பு நின்றது. முதலில் பின்னால் போனவர் மண்டோர்தான். துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். மற்றவர்களும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். பாராங் கத்தி வைத்திருந்தவன் வேலியைத் தாண்டி விழுந்து ஓடினான்.

எத்தனையோ வருடமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாமி பெயரைச் சொல்லி வந்தவர்கள் மருந்துக்குப் பயந்தார்கள். அது என்ன செய்யும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. பிறகு எந்த வாய் ஆத்தா என்று சொன்னது?

காய்கறி ஏற்றிப்போகும் சீனர் ஒருவரின் லாரியில் ஈப்போவுக்கு வந்தோம். முறிந்த கால் கூடவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து அவர் போனபோது, பாதத்தில் தீப்புண் அப்படியே திறந்திருந்தது.

4

இப்போது நானும் விஜயாவும் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பின்பக்கம் சுண்ணாம்பு மலை. மழை பெய்தால் கல் உருண்டு கூரையில் விழுமோ என்று நான் விழித்திருப்பேன். காலையில் காப்பிக்கடைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறேன். விஜயா பேக்டரியில் வேலை செய்கிறாள். தோழிகளோடு மலாயும் இங்கிலீஷும், என்னோடு மட்டும் தமிழ், அதுவும் அவசரத் தமிழ். அப்பா விபத்தில் செத்துவிட்டார் என்றுதான் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் என் காதிலேயே விழுந்தது. நான் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

சில மாதமாக என் உள்ளங்கையிலும் சோளமணி தடிக்க ஆரம்பித்தது. பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விஜயாதான் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

டாக்டர் சீனர், சின்ன வயது. என் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பு என்ன வேலை என்று மலாயில் கேட்டார். விஜயா சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நெடுநேரம் பேசினார். விஜயா எனக்குச் சொன்னாள்.

“அம்மா, அந்தப் புல்லு மருந்து வருசக்கணக்கா உள்ள போயிருக்காம். தோலு மட்டும் இல்லயாம், ரத்தமும் கெடுமாம். ரத்தத்துல வெள்ளை செல்லுன்னு இருக்குலா, அதுதான் நம்ப உடம்புக்கு ஜாகா மாதிரி.”

ஜாகா என்றால் இங்கே காவல்காரன்.

“ஒவ்வொரு ஜாகாவுக்குள்ளயும் என்னென்ன செய்யணும்னு எல்லா உத்தரவும் எழுதி இருக்குமாம். ஜீன்னு சொல்றாங்க. எப்ப எது வேணுமோ அத மட்டும் படிச்சு வேலை செய்யணும். இந்த விஷம் அந்தப் படிக்கிறதையே கெடுக்குதாம். படிக்க வேண்டியது படிக்காம கெடக்கும், வேண்டாதத கத்திக் கத்திப் படிக்கும். கிருமி வந்தா ஜாகா லேட்டா எந்திரிப்பான். அதான் புண்ணு ஆறாது, சீக்கு மாத்தி மாத்தி வரும்.”

“எந்த உத்தரவு, எப்படிக் கெடுதுன்னு கேளு.”

“கேட்டுட்டேன்லா. அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதாம். இப்பதான் ஆராய்ச்சி பண்றாங்களாம்.”

எனக்குத் தோட்டத்துப் பெரட்டு ஞாபகம் வந்தது. பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கும் கூட்டம். மண்டோர் பெயர் படிப்பார். பெயர் வந்தவர் போவார். ஒருநாள் மண்டோர் குடித்துவிட்டு வந்து, பாதிப் பெயரை விட்டுவிட்டுச் செத்துப்போனவன் பெயரைப் படித்தால் என்ன ஆகும்? எல்லோரும் இருப்பார்கள். கையில் கத்தியும் இருக்கும். ஆனால் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். என் ரத்தத்துக்குள் தினமும் அப்படி ஒரு பெரட்டு நடக்கிறது.

“அப்பாவுக்கும் அதுதானான்னு கேளு” என்றேன்.

விஜயா என்னைப் பார்த்தாள். அப்பா என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கி வெகுநாள் ஆகிறது. கேட்டாள். பூமிதித்ததையும் சொன்னாள், எனக்குத் தெரியாத மலாய்ச் சொற்களில். டாக்டர், பார்க்காத ஆளைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மரத்த கால், வெள்ளைப் புள்ளி, மூடாத புண், எல்லாம் அந்த விஷத்தோடு பொருந்தி வருகிறது என்றார். குஷ்டமாகத் தெரியவில்லை என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. அதற்குள் வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். ரத்தம் எடுக்கப் போகும் வழியில் வராந்தா பெஞ்சில் சின்னையா மண்டோர் உட்கார்ந்திருந்தார்.

முகம் ஒடுங்கிப்போயிருந்தது. கழுத்தெல்லாம் புழுதிமேல் மழைப்புள்ளி. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்து, முடியாமல், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதே சோளமணி. ஒரு விரல் பாதி இல்லை.

“தங்கச்சி, நீ தங்கவேலு சம்சாரம்தானே? சாமி மாதிரி வந்துட்ட. என் கையப் பாத்தியா? மருந்து செஞ்ச வேலை. லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். கூட வேலை செஞ்ச ஆளு யாராச்சும் நேர்ல வந்து சொல்லணுமாம். தோட்டமும் வித்துட்டாங்க, ஆளுங்க பாரிட் புந்தார், பாகான் டத்தோன்னு சிதறிப் போயிட்டாங்க. பாதிப்பேரு செத்துட்டான். நீ ஒருத்திதான் கெடச்சிருக்க. நான் கைவிட்டுக் கலக்குனத நீ பாத்திருக்கதானே?”

“பாத்திருக்கேன்.”

“அப்பாடா! மருந்தாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு தங்கச்சி.”

“அப்ப எம்புருசனுக்கு?”

“என்ன?”

“உங்களுக்கு மருந்து. அவருக்கு என்ன?”

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். “அது வேறம்மா. அது ஆத்தா குடுத்தது.”

அப்போதுதான் குடை என் கையில் எழுந்தது.

ஆஸ்பத்திரி ஜாகா ஓடி வந்தார். எங்கள் ரத்தத்தில் இருப்பவர்களைப் போல இல்லை, உடனே வந்துவிட்டார். விஜயா என் இடுப்பைக் கட்டி இழுத்தாள். “அம்மா, போதும்லா, அம்மா!” சின்னையா நெற்றியைப் பொத்திக்கொண்டு, மலாயில், தான் தடுக்கி விழுந்துவிட்டதாக ஜாகாவிடம் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, சாட்சி கைவிட்டுப் போய்விடுமே என்று சொன்னாரா என்பதை இன்றும் யோசிக்கிறேன்.

5

அதற்குப் பிறகு ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் ஜன்னல் ஓரம் போய் நின்றேன். போலீஸ் வரவில்லை. சில வாரம் கழித்துச் சின்னையாவே வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் மஞ்சள் நீர் கசிந்துகொண்டிருந்தது.

“இன்னும் ஆறல தங்கச்சி” என்றார். புகார் மாதிரி இல்லை. வானம் மூடியிருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார்.

விஜயா கதவைச் சாத்தப் போனாள். “அங்கிள், போங்க. உங்களுக்கு வெக்கமே இல்லயா? எங்க நாயக்கூட விடல நீங்க.” அவளுக்கு அந்த நாள் நினைவிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வாசலிலேயே நின்று சொன்னேன். “நான் வாரேன். ஆபீசர் கேட்டா நீங்க கலக்குனதச் சொல்லுவேன். அதோட நிப்பாட்ட மாட்டேன். இதே மருந்து முதல்ல யார அழிச்சுதுன்னும் சொல்லுவேன். ஆபீசர் உங்களக் கேப்பாரு. நீங்க ஆமான்னு சொல்லணும்.”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கவேலு தாண்டுனதாலதான் செல்வி போனான்னு வச்சுத்தான் நான் இத்தன வருசம் இருக்கேன். மருந்துதான்னு சொல்லிட்டா, எம்புள்ள எதுல போனா? தெனமும் அந்தச் சட்டையோடதான் அவளத் தூக்குவேன். அது என் சட்டைல இருந்தா போச்சு?”

அந்தப் பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்று யார் பார்த்தார்கள்? எங்கள் வீட்டிலும் அதே மாதிரிச் சட்டை தொங்கியது, விஜயாவும் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியவள்தான். அவள் கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மூன்று பேருமாகப் போனோம். லேபர் ஆபீஸில் மலாய்க்கார இளைஞர் ஒருவர் தட்டெழுத்துப் பொறியோடு உட்கார்ந்திருந்தார். என் சிவப்பு அட்டையைக் கேட்டார். கை தவறிக் கீழே போட்டுவிட்டேன். அவரே குனிந்து எடுத்துப் பெயரைத் தட்டினார். நான் தமிழில் சொல்ல, விஜயா மலாயில் சொன்னாள். டிரம், குச்சி, கை, பம்பு, வெறுங்கால். சின்னையா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று அதிகாரி கேட்டார்.

“என் வீட்டுக்காரர் தங்கவேலுவுக்கு” என்றேன். பாதத்தைச் சொன்னேன். தணலைச் சொன்னேன். சாமி தண்டித்துவிட்டது என்று அடித்ததையும் சொன்னேன். யார் அடித்தது என்று சொல்லவில்லை. விஜயா அதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு, அவசர அவசரமாக மலாயில் சொல்லி முடித்தாள்.

அதிகாரி சின்னையா பக்கம் திரும்பினார். “பெத்துல்கா?” உண்மையா என்று கேட்கிறார்.

சின்னையா இரண்டு கைகளையும் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை மலாயில் சொல்லியிருக்கலாம். அவருக்கு மலாய் தெரியும். அவர் தமிழில்தான் சொன்னார்.

“மருந்துதான். ஆத்தா தண்டிக்கல. அவன் ஒண்ணும் செய்யல. நான்தான் அடிச்சேன். கால ஒடிச்சது நான்தான்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. விஜயாவைப் பார்த்தார். அவள் மெதுவாக, “ராச்சுன், ஏஞ்சே. புக்கான் துஹான்” என்றாள். விஷம், ஐயா. கடவுள் இல்லை.

தட்டெழுத்துச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கையை நிறுத்திவிட்டு, யாரைப் பற்றிச் சொல்கிறாய், திரும்பச் சொல் என்றார்.

விஜயா எழுந்து நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, “என் அப்பா” என்று மலாயில் தொடங்கி, முதலிலிருந்து சொன்னாள்.